அத்தைக்கு மட்டும் அனுப்பிய மொட்டைப் படம்

பிள்ளைகளே, திருச்செந்தூர்க் கோயிலில் என் மகளுக்கு மொட்டை போட்டபோது அவள் அழுதாள். "படத்தை யாருக்கும் காட்டாதீங்கப்பா" என்றாள். நானோ படங்களைக் கிளவுட் என்ற இணையச் சேமிப்பில் ஏற்றி, விளாத்திகுளத்துத் தங்கைக்கு மட்டும் லிங்க் அனுப்பினேன். அவள் அதைச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டாள்.

அது கைமாறி, எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி வரை போயிருக்கிறது. "ஏளா, மொட்டைக்கா அப்படி அழுத?" என்று அவர் சிரித்ததும், மகள் சாமான் வாங்காமலே ஓடி வந்துவிட்டாள்.

எரிச்சலில் தங்கையிடம் கத்தினேன். "லிங்க் இருந்தா யாரும் பாக்கலாம்னு வச்சது நீதானண்ணே, என்னைய எதுக்கு ஏசுத?" என்றாள். உண்மைதான். உடனே அந்த லிங்கைப் பூட்டினேன். ஆனால் அதற்குள் யார் யார் படத்தை எடுத்து வைத்திருக்கிறார்களோ!

இப்போது மகளிடம் கேட்டுத்தான் அனுப்புகிறேன், அதுவும் யார் பார்க்கலாமோ அவர் பெயரை மட்டும் லிங்கில் சேர்த்து. நேற்று அவளை எடுத்த படத்துக்கு "வேண்டாம்" என்றாள். அது என் போனிலேயே இருக்கிறது.