மாமா மென்ற பக்கம்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு படத்தின் பின்புறம் நைனா, அதாவது என் அப்பா, எழுதியிருப்பது: "நாராயணவனம், கல்யாணப் பந்தி, தை மாதம்." ஆண்டைக் காணோம். அம்மாவின் தம்பி குவைத்திலிருந்து முதல் விடுப்பில் வந்திருந்தார். ஆந்திரத்துப் புத்தூரில் எங்கள் தெருவுக்குக் கேபிள் டி.வி. வந்துவிட்டது, நான் மூன்றாம் வகுப்பு. எனவே 1994 என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் இடக்கைக்காரி. எழுதுவதை அம்மா பொறுத்துக்கொண்டாள், சாப்பிடுவதை அல்ல.

"பந்தியில பீச்சாங்கையால துன்னே, அப்பறம் மாமாகூட திருப்பதி போறதெல்லாம் கெடையாது."

கரும்பு கடித்துக்கொண்டிருந்த மாமா சிரித்தார். "கையை மாத்திட்டா ஆச்சா பாப்பா? வாயி காட்டிக் குடுத்துடும். பீச்சாங்கைக்காரங்க எடது பக்கமாத்தான் மெல்லுவாங்க."

ஒரு துண்டை மென்று பார்த்தேன். இடது கன்னம்தான் உப்பியது. திகிலாகிவிட்டது. கல்யாணம் வரைக்கும் வலது பக்கமாக மெல்லப் பழகினேன். கரும்பே வசப்பட்டால் வடை எம்மாத்திரம் என்பது என் எண்ணம். நாக்கைக் கடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பந்தியில் என் கவனமெல்லாம் வலது கன்னத்தில் இருந்தது. வாயைக் காவல் காத்ததில் கையை மறந்துபோனேன்.

"அய்யோ, பில்ல எடம சேத்தோ திண்டோந்தே!" என்று மாப்பிள்ளை வீட்டு அம்மாள் தெலுங்கில் கூவியபோதுதான் குனிந்து பார்த்தேன். என் இடக்கை சாம்பார் சோற்றுக்குள் இருந்தது. அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. திருப்பதி போனதுதான் என்று நினைத்தேன்.

பக்கத்து இலையிலிருந்த மாமா நிதானமாக வலக்கையை எடுத்துவிட்டு, இடக்கையால் ரசம் சோற்றை அள்ளினார்.

"குவைத்துல எல்லாரும் இப்டித்தாம்மா. பாப்பாவுக்கு நான்தான் பழக்கி வுட்டேன்."

குவைத் என்றதும் அந்த அம்மாளின் குரல் இறங்கியது. தன் பிள்ளைக்கு அங்கே ஒரு வேலை பார்க்க முடியுமா என்று தமிழிலேயே கேட்டார்.

அம்மா தம்பியின் பக்கம் சாய்ந்து, "டேய், மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று பல்லைக் கடித்தாள். நான் திருப்பதி பிழைத்த மகிழ்ச்சியில் இருந்தேன். அந்த 'மறுபடியும்' எனக்கு உறைக்கவில்லை. ஒரு சொட்டு ரசம்கூட அவர் சட்டையில் விழவில்லை என்பதும், அவர் இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார் என்பதும்கூட.

குவைத்திலும் இடக்கையால் சாப்பிடுவது மரியாதையில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கைக்கும் மெல்லும் பக்கத்துக்கும் உறவு உண்டா என்பதில் நான் படித்தவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மாமா இடக்கைக்காரராகப் பிறந்து, அடிவாங்கி வலக்கைக்கு மாறியவரா? கேட்டால், "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா" என்கிறார். அம்மா பேச்சை மாற்றுகிறாள். ஆகவே இது இன்னும் உறுதிசெய்யப்படாத தகவல்.