ஊமை மேஸ்திரியின் வாய்

“உங்க பாஷையில ‘வா’ன்னா என்ன?”

கட்டுமான வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் வெல்டரைக் கேட்டிலேயே நிறுத்தி வைத்து, பாதி வாயாலும் பாதி கையாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார் ஊமை மேஸ்திரி. வெல்டர் அரபி பேசுகிறவர். ஒரு செங்கல்லைத் தொட்டு, ‘வா’ என்று சொல்லி, பக்கத்துச் செங்கல்லையும் தொட்டுக் காட்டுகிறார். இதுவும் அதுவும் என்று பொருள். மேஸ்திரிக்குப் பிறவிப் பயன் கிடைத்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து கசங்கிய சிகரெட் அட்டையை எடுத்து எழுதிக்கொள்கிறார். சிகரெட் அவர் பிடிப்பதில்லை; அட்டை குப்பையில் பொறுக்கியது.

அந்த அட்டையில் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். கயிறு பிடிக்கும் பிரெஞ்சுக்காரருக்கு ‘வா’ என்றால் போ. ஜப்பானிய எஞ்சினியர் காற்றில் ஒரு வட்டம் போட்டு வளையம் என்று விளக்கினார். தமிழில் என்ன என்பதை மேஸ்திரி எழுதவில்லை. அது தமக்குத் தெரியுமாம்.

“ஒரே ஒரு எழுத்துய்யா. நான் கத்தினா ஒருத்தன் வருவான், ஒருத்தன் போவான், இன்னொருத்தன் ‘அப்புறம்?’னு நிப்பான். தலைக்கு மேல ஆறு டன் தொங்குது. வெளங்குமா?”

ஊமை என்பது பட்டப்பெயர்தான். டீ வேளையில் அவரிடம் மாட்டியவனுக்கு டீ ஆறிப்போகும். ஆனால் கிரேன் கொக்கி சுமையைத் தூக்கிய கணத்தில் உதடு ஒட்டிக்கொள்ளும். மேலே கூண்டுக்குள் இருக்கும் கிரேன்காரப் பெண் அவருடைய கைகளை மட்டுமே பார்ப்பாள். சுமை சுழலாமல் இருக்கக் கீழே கயிறு பிடித்திருக்கும் நான்கு பேருக்கும் அவர் வகுத்த சட்டம் ஒன்றுதான். சுமை அந்தரத்தில் இருக்கும்போது யாரும் மூச்சு விடக்கூடாது. மனிதக் குரல் எது கேட்டாலும் அர்த்தம் தேடாமல் கயிற்றைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். இந்தச் சட்டத்தில் அவருக்கு ஏகப்பட்ட கர்வம் உண்டு.

அவருடைய மனைவியின் தம்பியும் அங்கேதான் கம்பி கட்டுகிறார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஆசாமி. “அவன் கண்ணு மண்ணு தெரியாம திரிவான், நீங்கதான் பாத்துக்கணும்” என்று மனைவி தினமும் டிபன் டப்பாவோடு சேர்த்துச் சொல்லி அனுப்புவாள். “பாக்காம எங்க போறேன்” என்பார் இவர்.

போன செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒரு கான்கிரீட் சுவர்ப் பலகை மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு ஆள் உயரம் எழும்பியபோது, அதைத் தாங்கிய பெல்ட் ஒன்று ஓரத்தில் இழை இழையாகப் பிரிவதை மேஸ்திரி பார்த்தார். வலக்கை முஷ்டி மேலே போனது. நில் என்று அர்த்தம். கிரேன் நின்றது. இனி அலுங்காமல் கீழே இறக்கிவிட்டால் போதும். குனிந்து பார்த்தால், பலகைக்கு நேர் கீழே மச்சினர். எச்சரிக்கைக்குக் கட்டிய சிவப்பு நாடாவைத் தாண்டி வந்து, கைதவறி விழுந்த கம்பி முறுக்கும் குறட்டைத் தேடிக்கொண்டு, இவருக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார்.

பத்தடி தூரம். ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் குரல் கேட்டால் நான்கு பேரும் கயிற்றை விடுவார்கள். விட்டால் பலகை சுழலும், பெல்ட் தெறிக்கும். ஓடிப்போய் இழுக்கவும் வழியில்லை. முஷ்டி கீழே வந்தால், இடக்கை லேசாக அசைந்தாலும்கூட, கிரேன்காரப் பெண் அதை உத்தரவாக எடுத்துக்கொள்வாள். தான் போட்ட சட்டமே தன் வாயில் துணியை அடைத்ததை அவர் அந்த நிமிடம்தான் உணர்ந்தார். தொண்டைவரை வந்துவிட்ட பெயரைப் பல்லைக் கடித்து விழுங்கினார். மேலே இன்னொரு இழை பிரிந்தது.

காலடியில் ஜல்லி கிடந்தது. முஷ்டியை இறக்காமல் ஒரு கல்லை எத்தினார். அது எங்கோ போனது. இரண்டாவது கல் மச்சினரின் இடுப்பில் பட்டது.

அவர் சுள்ளென்று திரும்பினார். முகமெல்லாம் கோபம். திட்டுவதற்கு வாய் திறந்துவிட்டது. அந்த வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தால் எல்லாம் முடிந்தது. மேஸ்திரி கண் இமைக்காமல் அவரையே பார்த்தார். மச்சினர் அந்த முகத்தைப் பார்த்தார், முஷ்டியைப் பார்த்தார், பிறகு மெல்ல மேலே பார்த்தார். திறந்த வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு, மண்ணில் தவழ்ந்து நாடாவுக்கு வெளியே வந்தார்.

மேஸ்திரியின் விரல்கள் வழக்கமான நிதானத்தோடு பலகையை இறக்கின. அது தரையைத் தொட்டபோது பெல்டில் பாதிதான் மிச்சம் இருந்தது.

கயிறு பிடித்தவர்கள் ஒரே நேரத்தில் நான்கு மொழிகளில் பேச ஆரம்பித்தார்கள். மச்சினர் இடுப்பைத் தடவிக்கொண்டே வந்தார். குரல் இன்னும் நடுங்கியது.

“என்ன அத்தான், கல்லால அடிக்கிறீங்க? அக்காகிட்ட சொல்லவா?”

கல் பட்ட இடத்தில் மச்சினரின் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணை ஊமை மேஸ்திரி குனிந்து தட்டிவிட்டார். மண் உதிர்ந்துபோன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.