புஷ்பவதி வாய் மூடிய இரண்டு நாள்

மூதூரில் புஷ்பவதியின் வீட்டை யாரும் தேடி அலைந்ததில்லை. குரல் வருகிற பக்கமாக நடந்தால் போதும். இலங்கைத்துறையில் பிறந்து, மீன்பிடிக்கிற வேலாப்போடியைக் கட்டி மூதூருக்கு வந்தவள். மாட்டோடும் கதைப்பாள், மழையோடும் கதைப்பாள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று யாராவது கிண்டலாகச் சொன்னால், "அப்ப நான் நூறு வயசு மட்டும் இருப்பன்" என்பாள். தொண்ணூறாம் ஆண்டு வீடு எரிந்தபோது அவளுடைய பதினேழு கோழிகளும் போயின. அதைச் சொல்லும்போது மட்டும் பேச்சுச் சுருங்கிவிடும்.

மூன்று வருடம் கழித்து, மாரி தொடங்கிய நேரம், திருகோணமலையில் நிவாரணமாகக் கோழிக்குஞ்சு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு லோஞ்சில் கடல் தாண்டிப் போய்ப் பதினான்கு குஞ்சு வாங்கினாள். மெசினில் பொரித்த குஞ்சுகள். தாயைக் கண்டதே இல்லை. "இண்டைக்கே அடைக்கோழியில விட்டிடுங்க, பிந்தினாச் சேராது" என்று கொடுத்தவர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் அன்று பார்த்துக் கடற்படை துறைமுகத்தை மூடிவிட்டது. இரண்டு நாள் லோஞ்ச் ஓடவில்லை. புஷ்பவதி பெட்டியை மடியில் வைத்துச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு இறங்குதுறையிலேயே குந்தியிருந்தாள். குஞ்சுகள் குளிரில் கத்தக் கத்த அவற்றோடு கதைத்தாள். "பா, பா" என்று கூப்பிட்டுக் குறுணல் போட்டாள். அந்த வாய் சும்மா இருக்குமா?

ஊர் திரும்பியதும் பக்கத்து வளவு மைமூனாவிடம் ஓடினாள். அங்கே ஒரு கோழி அடைகிடந்தது. இரவல் கேட்டதும் மைமூனா கூட்டோடு தூக்கிவந்து குசினி மூலையில் வைத்தாள். விளக்கு வைக்கிற நேரம். புஷ்பவதி முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த இடத்தில் பின்பக்கமாக ஒவ்வொரு குஞ்சாகச் செருகினாள். கோழி ஒரு கொத்துக்கூடக் கொத்தவில்லை. செட்டையை அகட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

"பார்த்தீங்களா ராத்தா, தன்ட பிள்ளையெண்டே நினைச்சிட்டுது" என்றாள்.

அவ்வளவுதான். பதினான்கும் செட்டைக்குள்ளிருந்து பாய்ந்து அவளுடைய காலடிக்கு ஓடிவந்தன. திரும்ப விட்டாள், திரும்பக் கதைத்தாள், திரும்பவும் வந்தன. மைமூனாவுக்குத்தான் முதலில் விளங்கியது.

"கோழியில பிழையில்ல புள்ள. குஞ்சுகளுக்கு நீதான் உம்மா. உன்ட குரலுக்குத்தான் ஓடி வருதுகள், வாய மூடு."

மூடினாள். அடுத்த நாள் முழுக்கக் கைச்சாடையிலேயே சமைத்தாள், கைச்சாடையிலேயே புருசனோடு சண்டையும் பிடித்தாள். "இந்தக் குஞ்சுகளுக்குக் கோயில்தான் கட்டவேணும்" என்று வேலாப்போடி சிரித்தான். கோழியின் "கொக், கொக்" சத்தத்துக்குக் குஞ்சுகள் மெல்ல மெல்லப் போய் ஒதுங்கத் தொடங்கின.

அதற்கடுத்த நாள் விடிய ஆமி ஊரைச் சுற்றி வளைத்தது. ஆண்களைப் பள்ளிக்கூட வளவுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்குள் வந்த சிப்பாய் பெயர் கேட்டான். புஷ்பவதி வாயில் விரலை வைத்துக் கோழியைக் காட்டினாள். அவன் இன்னொருதரம் கேட்டான். அவள் பேசவில்லை. துவக்கு உயர்ந்தது. வேலிப்பக்கம் நின்ற மைமூனா பதறிப்போய், "ஊமை மாத்தயா! பாவம், பிறவி ஊமை!" என்று கத்தினாள். சிப்பாய் நம்பிவிட்டுப் போனான்.

பிறகு பெண்களையும் வளவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே வேலாப்போடியைத் தனியாகப் பிரித்து லொறிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவனிடம் அடையாள அட்டை இல்லை. போன கிழமை கடலில் விழுந்துவிட்டது. பொலிசில் முறைப்பாடு எழுதிய துண்டு வீட்டில் இருந்தது. எங்கே என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். லொறியில் ஏறியவர்களில் திரும்பிவந்தவர்கள் குறைவு. காலையில் வந்த சிப்பாயும் அதே இடத்தில் நின்றான். புஷ்பவதி மைமூனாவைப் பார்த்தாள். வாய் திறந்தால் மைமூனா சொன்னது பொய்யென்று தெரிந்துவிடும்.

"கதை புள்ள" என்றாள் மைமூனா.

"ஐயா! துண்டு இருக்கு ஐயா! பொலிஸ் துண்டு வீட்டில இருக்கு!"

அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது. காலையில் இவளை ஊமை என்றார்கள் என்று சிப்பாய் சொன்னதைக் கேட்டுவிட்டு மைமூனாவையும் முன்னால் இழுத்து நிறுத்தினார். பொய்க்காரிகள் காட்டுகிற துண்டும் பொய்யாகத்தான் இருக்கும் என்றார். புஷ்பவதி குஞ்சுக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் மட்டும் சிரித்தார்.

"சரி, கூப்பிட்டுக் காட்டு. குஞ்சு வந்தா நீ சொன்னது உண்மை. வராட்டி மூண்டு பேரும் லொறியில ஏறுங்க."

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். குசினியில் ஒரு குஞ்சும் வெளியே இல்லை. எல்லாம் செட்டைக்குள் அடங்கிக் கிடந்தன. இதற்காகத்தானே இரண்டு நாள் வாயைக் கட்டினாள்! முருகா, நான் செய்தது சரிவராமல் போகட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

"பா… பா…"

ஒன்றும் அசையவில்லை. கோழி ஒருதரம் கொக்கென்றது. அதிகாரி வாசல் பக்கம் திரும்பினார்.

"பா… என்ட செல்லங்களே, வாங்கோ…"

ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு பதினான்கும் ஈரநிலத்தில் விழுந்தெழும்பி ஓடிவந்து அவளுடைய பாதத்தைச் சுற்றி நின்றன. கோழி எழுந்து நின்று அவற்றைக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தது. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் தேடி எடுத்துவந்த துண்டை அதிகாரி வாசித்துத் திருப்பிக் கொடுத்தார். வேலாப்போடியையும் மைமூனாவையும் விட்டார்கள்.

கூப்பிட்டும் குஞ்சுகள் வராததால் மத்தியானமே கோழி அடை குழம்பிக் கூட்டை விட்டுப் போய்விட்டது. பிடித்து வைத்தபோது குஞ்சுகளைக் கொத்தியது. இரவு முழுக்க மழை. பெட்டிக்குப் பக்கத்தில் ஏற்றிவைத்த விளக்கு, பங்கீட்டில் கிடைத்த அரைப்போத்தல் மண்ணெண்ணெய் தீர்ந்ததும் அணைந்தது. விடிந்தபோது பதினொரு குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன.

வேலாப்போடி வளவின் பின்பக்கத்தில் குழி வெட்டினான். அவள் குஞ்சுகளை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். இனிப் பேசலாம்; யாரும் தடுக்கவில்லை.

"விடப்பா. நான் வந்திட்டன்தானே" என்றான்.

அவன் வந்ததற்கு அவள் எந்தத் தெய்வத்தின் காலிலும் விழுவாள். ஆனாலும் அழுகையை அடக்க முடியவில்லை.

"ஓம், வந்திட்டீங்க. அதுகளும் நான் கூப்பிட்டன் எண்டுதானே வந்ததுகள்."