பென்சிலில் எழுதிய கேள்விகள்

செங் என்னும் ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் பஸ்ஸில், ஒரு நாள் காலை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மகளுக்கு ஒன்னும் ஆகாதுக்கா. கண்டிப்பா சொகமாயிடும். நான் சொல்றேன்ல" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று யோசிக்கவில்லை. எங்கள் சபையில் மூன்று நாள் உபவாசம் இருந்து அந்தப் பெண்ணுக்காக ஜெபித்திருந்தோம். விசுவாசி என்றால் இப்படித்தான் பேச வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான்.

அடுத்த வாரம் அந்தப் பெண் இறந்துபோனாள். பத்தொன்பது வயது.

அக்கா என் சொந்தக்காரர் இல்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவர், அவ்வளவுதான். பெம்பான் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்து, அங்கிருந்த தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, கல்யாணத்துக்குப் பிறகு பெம்பானிலேயே ஒரு தாமான் குடியிருப்பில் வீடு எடுத்துக் குடிவந்தவர். அவர் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். தொழிற்சாலையில் எங்கள் இருவருக்கும் ஒரே லைன். சின்னச் சின்ன மின்பலகைகளை விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்து, பற்றவைத்த இடமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு எங்கள் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸ் கேக் அங்கே போகும்.

ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் கூப்பிட்டபோது மகளோடு வந்தார். எங்கள் சபை ஒரு கடைவரிசையின் மாடியில் இருக்கிறது. கீழே டயர்க் கடை. அக்காவுக்கு அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது. மகளுக்குப் போதவில்லை. அப்பாவிடம் கேட்டுக்கொண்டு அடுத்த ஞாயிறும் வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். அதிகம் பேசமாட்டாள். வேத வகுப்பில் யாருக்காவது கேள்வி உண்டா என்று பாஸ்டர் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். தமிழ் வேதாகமம் ஒன்று வேண்டும் என்று என்னிடம் மட்டும் வந்து மெதுவாகக் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. மூட்டுகள் வீங்கின. சிறுநீரகம் கெட்டுப்போயிருப்பதாக மருத்துவமனையில் சொன்னார்கள். கடைசியில் இரத்தத்தில் கிருமி.

இறுதிச் சடங்கு அவர்கள் முறைப்படி நடந்தது. அவள் நம் பிள்ளை, நாம்தான் அடக்கம்பண்ண வேண்டும் என்று சபையில் இரண்டொருவர் சொன்னார்கள். அவள் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. பெற்றவர்களே தங்கள் பிள்ளையை அனுப்பிவைக்கட்டும், நாம் போய் நிற்போம் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். போய் நின்றோம். வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் ஓரத்தில் நான் நின்றபோது அக்கா ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தவர் பஸ்ஸில் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். லைனிலும் சூப்பர்வைசரிடம் கேட்டு இடம் மாற்றிக்கொண்டார். எனக்கு அது தாங்கவில்லை. என்ன சொல்லலாம் என்று வீட்டில் யோசித்து யோசித்து வைத்தேன். ஆண்டவருடைய திட்டம் நமக்குத் தெரியாது. நல்ல பூவைத்தான் அவர் முதலில் பறிப்பார். அவள் இப்போது வலி இல்லாத இடத்தில் இருக்கிறாள். இவற்றையெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பெம்பானுக்குப் போனேன்.

அக்கா கம்பிக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே, "நீ கண்டிப்பான்னு சொன்ன" என்றார்.

நான் திட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தத் திட்டத்தப் பத்தி பஸ்ஸுல நீ ஒன்னுமே சொல்லலியே."

அவர் உள்கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். பழத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பிள்ளைக்காக அழுதேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அவமானத்தில் அழுதேன்.

நடந்ததைப் பாஸ்டரிடம் சொன்னேன். அக்காவுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று அவர் சொல்லித்தருவார் என எதிர்பார்த்தேன். அவர், அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாயா என்று மட்டும் கேட்டார். நான் கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றக்கூட இல்லை.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் முன் நாங்கள் மேலங்கியும் தொப்பியும் மாட்டிக்கொள்ளும் அறையில், அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன். "எனக்குத் தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்க்கா. தப்புதான். மன்னிச்சிருங்க." அவர் தொப்பிக்குள் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செங் வந்து சேரும்வரை இருவரும் பேசவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்படியே ஒரு மாதத்துக்கு மேல் போனது. பிறகு ஒரு நாள், ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வரச் சொன்னார். கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னார். போனேன். இந்தத் தடவை கம்பிக் கதவு திறந்தே இருந்தது. சாப்பாட்டு மேசைமேல் நான் வாங்கிக் கொடுத்த வேதாகமம் இருந்தது.

"அவ இதுல எழுதி வெச்சிருக்கா. நான் கூட்டிக் கூட்டித்தான் படிக்கிறேன். பாதி வெளங்கல. வேற யார்கிட்ட போயி கேக்குறது?"

திறந்து பார்த்தேன். பக்க ஓரங்களில் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் மலாய், கொஞ்சம் ஆங்கிலம். நிறையக் கேள்விக்குறிகள். செத்துப்போன ஒருவனின் சகோதரி, தாமதமாக வந்த இயேசுவை வழியில் மறித்து முறையிடும் கதையில், "ஏன் லேட்?" என்று எழுதியிருந்தாள். செத்தவனை உயிரோடு எழுப்புவதற்கு முன் அவர் அழுதார் என்று வரும் இடத்துக்குப் பக்கத்தில், "எழுப்பப் போறோம்னு தெரியும்ல? அப்புறம் ஏன் அழுவுறாரு?" என்று இருந்தது.

"நீங்கெல்லாம் இவ நல்லா நம்புனான்னு சொன்னீங்க. இவ கேள்வியில்ல கேட்டிருக்கா" என்றார் அக்கா.

அந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட அவள் வகுப்பில் கேட்டதில்லை. அவள் கூச்சப்படும் பெண் என்பதுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் வேறொன்று உறைத்தது. எங்கள் வகுப்பில் யாராவது வாயைத் திறந்தால், கேள்வி முடிவதற்குள் இரண்டு மூன்று பேர் பதில் சொல்லிவிடுவார்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

அதிலிருந்து மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பெம்பானுக்குப் போனேன். அக்கா தேத்தண்ணி போட்டு வைத்திருப்பார். மகள் எழுதியிருந்த இடமாகப் பார்த்து ஒரு கதையை நான் சத்தமாகப் படிப்பேன். ஓரத்தில் இருப்பதை அக்கா படிப்பார். எனக்குப் பதில் தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால் தெரியவில்லை என்பேன். தெரியவில்லை என்று சொல்வது முதலில் கஷ்டமாக இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது.

அவர் கணவர் அந்த நேரத்தில் வாசலில் எதையாவது துடைத்துக்கொண்டோ கழுவிக்கொண்டோ இருப்பார். ஒரு நாள் நான் கிளம்பும்போது, ரப்பர்க் குழாயை மூடிவிட்டு, "மதம் மாத்தத்தான் வர்றியா தங்கச்சி? அப்படின்னா சொல்லிரு" என்றார். அதட்டலாகக் கேட்கவில்லை. நான் சொன்னேன்: யாரையும் மாற்ற எனக்குத் தெரியாது, இயேசு உண்மை என்று நான் நம்புகிறேன், அக்காவும் நம்பினால் சந்தோஷப்படுவேன், ஆனால் நான் வருவது அக்கா கூப்பிட்டதால்தான். அவர் தலையை ஆட்டினார். "சரி, இல்லன்னு பொய் சொல்லாம இருந்தியே" என்றார். அதற்குப் பிறகு அவர் இதைப் பற்றிக் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு, படித்து முடித்துப் புத்தகத்தை மூடிய பிறகு அக்கா கேட்டார். "ஒனக்கு சந்தேகமே வந்ததில்லியா? ஒரு நாளு கூட?"

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன்.

எனக்கு ஏழாம் மாதத்தில் ஒரு குழந்தை தவறிப்போனது. அது அக்காவுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் பாடகர் குழுவில் நின்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. பாட்டில் ஒரு வரியைக்கூட நான் நம்பவில்லை. வெளியில் சொன்னால் அம்மா உடைந்துபோவார் என்று தொடர்ந்து போனேன். இதையெல்லாம் அன்றுதான் முதன்முதலாக ஓர் ஆளிடம் சொன்னேன்.

"அப்புறம் எப்படித் திரும்பி வந்துச்சு?"

"சரியா சொல்லத் தெரியலக்கா. ஒரு நாளு கேன்டீன்ல சாப்புடறதுக்கு முன்னாடி கண்ண மூடினேன், சும்மா பழக்கத்துல. அன்னைக்கு யாரோ கேட்டுக்கிட்டு இருக்குற மாதிரி இருந்துச்சு. அவ்ளோதான். அதுக்கு மேல என்கிட்ட ஒன்னும் இல்ல."

அக்கா என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினார். பிறகு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடமும் சொன்னேன். அவர்தான் எங்கள் சபையில் கீபோர்டு வாசிப்பவர். அந்த இரண்டு வருடமும் பாடும்போது நீ என் பக்கமே திரும்பியதில்லை, எனக்குத் தெரியும் என்றார். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றதற்கு, கேட்டால் நீ வருவதை நிறுத்திவிடுவாயோ என்று பயந்தேன் என்றார். இருவரும் வெகுநாளைக்குப் பிறகு அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசினோம்.

அடுத்த முறை பெம்பானுக்குப் போனபோது, மகளின் பொடி எழுத்துக்குக் கீழே வேறொரு கையெழுத்தைப் பார்த்தேன். பெரிய பெரிய எழுத்து, பள்ளிப் பிள்ளை எழுதியதுபோல. "நானும் அதத்தான் கேக்குறேன்" என்று இருந்தது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

போன வருடம் ஒரு பெண் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சுங்கை ரம்பாயில் இருக்கிறாள். பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவள். அவள் கணவன் வேறொரு பெண்ணோடு போய்விட்டான். ஆறுதல் சொல்லப் போனவர்களில் இரண்டு பேரை அவள் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தாள். அவளைப் போய்ப் பார்க்கும்படி சபையில் என்னிடம் சொன்னார்கள். தனியாக அவ்வளவு தூரம் ஓட்டத் தயங்கி, துணைக்கு வருகிறீர்களா என்று அக்காவைக் கேட்டேன். அவர் ஒரு டப்பா நிறைய அரிசிச் சேமியா மீகூன் பிரட்டி எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

அந்தப் பெண் எங்களை உள்ளே விட்டாள். உட்காரச் சொல்லவில்லை. "வசனம் சொல்றதுன்னா வேணாம் சிஸ்டர். நான் இப்ப எதையும் நம்புறதில்ல" என்றாள். நான் வாயைத் திறந்தேன். நல்லவேளை, அக்கா முந்திக்கொண்டார்.

"நான்கூட இன்னும் முழுசா நம்புறவ இல்லம்மா. எங்க வீட்டுல சாமி படம் இருக்கு, வெளக்கு ஏத்துறேன். ஆனா இவுங்க ஆண்டவர்கிட்ட தெனமும் சண்ட போடுறேன். என் மகள எடுத்துக்கிட்டாரே, சும்மா விடுவனா. சண்ட போட்டுப் போட்டு, இப்ப ஒரு நாளு பேசலன்னா என்னமோ மாதிரி இருக்கு. ஏன்னு கேக்காத, தெரியாது. மொதல்ல சாப்புடு, ஆறிப்போவும்."

அவள் நின்றபடியே அழுதாள். பிறகு தட்டு எடுத்து வந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். அவள் பேசினாள், நாங்கள் கேட்டோம். கிளம்பும் நேரத்தில் ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போங்கள் என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அக்காவைப் பார்த்துச் சொன்னாள்.

அக்கா திகைத்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா கைகளைக் கூப்பினார்.

"ஏசப்பா, இந்தப் பிள்ள ரொம்ப எளச்சுப் போயிருக்கு. முன்ன எப்படி இருந்துச்சோ, நான் பாத்ததில்ல, ஒங்களுக்குத் தெரியும். இது கூப்புடலன்னாலும் பக்கத்துல இருங்க. எனக்கு வேற கேக்கத் தெரியல."

எப்படி முடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்தான் ஆமென் சொன்னாள்.

திரும்பும் வழியில், தப்பாக ஏதும் சொல்லிவிட்டேனா என்று அக்கா கேட்டார். இல்லை என்றேன். நாற்பது வருடமாக ஜெபம் செய்திருக்கிறேன், என்னால் அப்படிக் கேட்க முடிந்ததில்லை என்பதையும் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அக்கா இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. சில ஞாயிறு சபைக்கு வருகிறார், கடைசி வரிசையில் உட்காருகிறார். எடுப்பாரா என்று என்னைக் கேட்கிறவர்களிடம் தெரியாது என்கிறேன். அந்தச் சுங்கை ரம்பாய்ப் பெண்ணும் அக்காவும் இப்போது போனில் பேசிக்கொள்கிறார்கள். "நேத்து அது கூப்புட்டுச்சு" என்று சில நாள் காலை பஸ்ஸில் அக்கா சொல்வார். என்ன பேசினார்கள் என்று அவர் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.