மேசைக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு

நீதிமன்றத்தில் வழக்கின் எண்ணைக் கூப்பிட்டதும் வக்கீலம்மா எழுகிறார். மேசைக்கு அடியில் இரண்டு செருப்பையும் காலாலேயே கழற்றித் தள்ளுகிறார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கிறார்.

"செருப்பு கழண்டுடுச்சுன்னா வாய்தாவும் கிடையாது, சமாதானமும் கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அப்பவே வேர்த்துடும்," என்று பெருமையடிக்கிறார் அவருடைய குமாஸ்தா.

அந்த நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி போட்ட முதல் பெண் இந்த வக்கீலம்மாதான். முதல் நாளே படியேறும்போது செருப்பின் வார் அறுந்தது. காலை இழுத்து இழுத்து வந்தவரைப் பார்த்துச் சிரித்தார்களாம், படித்த மகானுபாவர்கள்! "அபசகுனம், வீட்டுக்குப் போம்மா," என்றார் ஒரு மூத்த வக்கீல். "அறுந்தது வாருதான் சார், நாக்கு இல்ல," என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு வாதாடி ஜெயித்தார். முப்பது வருடமாக அதே வழக்கம்.

தேநீரை ஆறவிட்டுத்தான் குடிப்பார். மூக்குக்கண்ணாடி மூன்று உண்டு, மூன்றையும் தேடுவார். வழக்கோடு வருபவர்கள் அழுதால் பொறுத்துக்கொள்வார், பொய் சொன்னால் கதவைக் காட்டுவார்.

நாடாளுமன்றத்துக்குப் போய்ப் பத்து வருடமாகிறது. அங்கே மட்டும் செருப்பு கழன்றதே இல்லை. "கட்சி சொன்னா கை தூக்கணும். அதுக்குக் காலு எதுக்கு?" என்று சிரிப்பார். அவரிடம் ஜூனியராக இருக்கும் எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது.

ஒரு தையற்காரப் பெண்ணின் மகளுக்குக் காதில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அப்பா கையெழுத்துதான் செல்லும், அம்மா கையெழுத்து செல்லாது என்று சட்டத்தைக் காட்டியது ஆஸ்பத்திரி. ஓடிப்போனவனைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்தக் காது போயே போய்விட்டது. அம்மா கையெழுத்தும் செல்லும் என்று வக்கீலம்மா தனியாக ஒரு மசோதா கொண்டுவந்தார்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் கட்சித் தலைவர் கூப்பிட்டனுப்பினார். "இதனால ஆம்பளைங்க ஓட்டெல்லாம் போயிடும். வாபஸ் வாங்கிடுங்கம்மா, மந்திரி ஆக்கிடறோம். இல்லேன்னா அடுத்த தடவை சீட்டை மறந்துடுங்க."

"யோசிக்கிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். இவரும் யோசிக்க ஆரம்பித்துவிட்டால் அந்தப் பெண் யாரிடம் போவாள்?

மறுநாள் பார்வையாளர் மாடத்தில் குமாஸ்தாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் அந்தத் தையற்காரப் பெண், மடியில் மகள்.

"உறுப்பினர் மசோதாவைத் திரும்பப் பெறுகிறாரா?" என்று சபாநாயகர் கேட்டார். முன்வரிசையிலிருந்து தலைவர் திரும்பிப் பார்த்து, 'ஆமாம் என்று சொல்லுங்கள்' என்பதுபோலத் தலையசைத்தார். வக்கீலம்மா எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார்.

குமாஸ்தா என் முழங்கையைப் பிடித்து நசுக்கினார். "மூஞ்சியப் பாக்காதீங்க சார், கீழ பாருங்க!"

வக்கீலம்மாவின் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு செருப்பு நடைபாதைக்குச் சறுக்கிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.