மழைத் தண்ணியா, கடல் தண்ணியா

ஒலக்கூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் குடும்பம் எங்களுடையது. படகு ஆசை என் மனைவிக்குத்தான் வந்தது. மரக்காணம் முகத்துவாரத்தில் ஒரு வெள்ளைப் பாய் தனியாக நகர்வதைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தவள், வீடு வரும்வரை அதைப் பற்றியே பேசினாள்.

இரும்பை அருகே ஒரு முந்திரித் தோப்பில் பழைய பாய்மரப் படகு ஒன்று விலைக்கு இருந்தது. ஃபைபர் படகு, இரண்டு பேர் உட்காரலாம். பெயிண்ட் பளபளத்தது. ஓய்வுபெற்ற ஒருவர் விற்றார். அவர் சொன்ன விலையைக் கொடுத்துவிடலாம் என்றேன். அவள் என்னை ஓரமாக அழைத்தாள்.

"ஏங்க, பழைய டிராக்டரு வாங்கினப்போ இன்னா ஆச்சு? வெளிய புது பெயிண்ட்டு, உள்ள கியர்பாக்ஸு காலி. கண்ணுக்குத் தெரியாததுக்குன்னு நம்ம பணத்துல மூணுல ஒரு பங்கு எடுத்து வச்சிட்டு, மீதிக்குப் பேசுங்க."

பிறகு தேங்காயைத் தட்டுவதுபோலப் படகைத் தட்டிக்கொண்டே சுற்றினாள். எங்கும் கணீரென்றிருந்த சத்தம், பாய்மரம் நிற்கும் இடத்தில் மட்டும் 'தொம்' என்றது.

"வாங்கின நாள்லேர்ந்து அப்படித்தாங்க" என்றார் அவர்.

"ஒரு சின்ன ஓட்டை போட்டுப் பாக்கலாங்களா?"

அவர் தயங்கினார். பிறகு அவரே டிரில்லை எடுத்துவந்தார். "எனக்கும் தெரிஞ்சிக்கணும்னு இருக்குதுங்க."

துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டியது. என் மனைவி அதை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தாள்.

"ஐயையோ, இன்னா பண்றே?"

"உப்பு இல்லீங்க. அடியில விரிசல்னா கடல் தண்ணி இருக்கணும். இது மழைத் தண்ணி. மேலேர்ந்து எறங்கியிருக்குது."

அவரும் தொட்டு நக்கிப் பார்த்தார். நானும்தான். மட்கிய கட்டையின் ருசி.

அவர் விலையைக் குறைத்தார்; வாங்கிவிட்டோம். மரக்காணத்தில் மீன்பிடிப் படகுகளைச் சரிசெய்பவர் அந்த இடத்தைப் பிரித்தபோது, ஃபைபருக்கு உள்ளே வைத்திருந்த பலகை டீயில் ஊறிய ரஸ்க் போல உதிர்ந்தது. எடுத்துவைத்த பணம் அதற்குச் சரியாக இருந்தது. ஆனால் சுருட்டியிருந்த பாயை நாங்கள் விரித்தே பார்த்திருக்கவில்லை. விரித்தால் எலி கடித்த ஓட்டைகள். புதுப் பாய்க்கு மல்லாட்டை விற்கும்வரை காத்திருந்தோம்.

தை மாதம் அதே முகத்துவாரத்தில் படகு இறங்கியது. முதல் காற்றிலேயே சேற்றில் போய்ச் சொருகிக்கொண்டோம். முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளி, மறுபடி ஏறினோம். பாய் புடைத்தது. கயிற்றைப் பிடித்திருந்த அவள் கை முன்னே இழுபட்டது.

"மாடு இழுக்கற மாதிரி இழுக்குதுங்க" என்றாள்.