அன்னபேதி தின்ற உரை

இரும்புச் சட்டியில் ஊறும் கடுக்காய்க்கு ஒரு துவர்ந்த வாசனை உண்டு. மூக்கில் ஏறினால் நாக்கு வரை இழுத்துப் பிடிக்கும். முப்பதுகளில் ஒரு கோடை முழுக்க, ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் எங்கள் வீடு அந்த வாசனையில்தான் கிடந்தது. பாசுரங்களுக்கு என் கொள்ளுத்தாத்தா எழுதிய உரை ஒன்று, வேறெங்கும் பிரதி இல்லாதது, எங்களிடம் ஓலைச்சுவடியாக இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு ஏடுகள். எண்ணிப் பார்க்காமல் எனக்கு அன்றைக்கும் தூக்கம் வராது. பூச்சி அரிக்கத் தொடங்கியதால் அதைக் காகிதத்தில் எழுதிவிட அப்பா முடிவு செய்தார்.

அவர் அவசரக்காரர் அல்லர். திருச்சி பெரிய கடைவீதியில் காகிதக்கடை ராவுத்தரிடம் என்னையும் அழைத்துப்போய், ஒவ்வொரு தாளையும் வெயிலில் பிடித்து, மூலையைக் கிழித்து, நாக்கில் ஒட்டிப் பார்த்தார்.

"சாமி, காயிதம் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று ராவுத்தர் சிரித்தார்.

கந்தல்துணியில் செய்த கெட்டித் தாளே தேறியது. எஃகு முள் தாளைக் கீறும் என்று நாணல் பேனா சீவிக்கொண்டார். பாக்கி மை ஒன்றுதான். அம்மா விளக்குக் கரி போதும் என்றாள்.

"ஓலையிலே தடவின கரி நாலு தலைமுறையா நிக்கறதேன்னா."

"காயிதத்திலே ஒரு சொட்டு ஜலம் பட்டா ஓடிடும்டீ."

முன்னொரு வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததை அவர் மறக்கவேயில்லை. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்தால் நீருக்கு அசையாத கறுப்பு வரும். ஒரு பங்கு போடும் இடத்தில், இன்னும் நெடுநாள் நிற்கட்டும் என்று, அப்பா மூன்று பங்கு போட்டார். எழுதிய துண்டு ஒன்றைச் சொம்பு நீரில் முக்கிக் காட்டினார். ஓர் எழுத்தும் கலையவில்லை.

பிரதி எடுத்தபின் சிதைந்த சுவடியை ஆடிப்பெருக்கன்று காவிரியில் விடுவது எங்கள் வழக்கம்.

"இந்த வருஷம் இருக்கட்டுமே. சுவடி என்ன சோறா கேக்கறது?" என்றாள் அம்மா.

"சிதிலமானதை வெச்சுண்டு இருக்கப்படாது."

காவிரிக்கரை அம்மாமண்டபப் படித்துறையில் அப்பா சுவடிக்கு மஞ்சள் பூசி, துளசி சார்த்தி, நீரில் விட்டார். அன்று அவர் முகத்தில் கண்ட நிம்மதியைப் பிறகு நான் பார்த்ததில்லை.

யுத்தம் முடிந்த சமயம் பிரதியைப் பிரித்தபோது எழுத்தெல்லாம் பழுப்பேறித் தாளின் மறுபக்கத்துக்கு இறங்கியிருந்தது. விரல் பட்ட இடத்தில் எழுத்து மட்டும் தனியே உதிர்ந்தது. "தின்னுடுத்து, அன்னபேதி தின்னுடுத்து" என்றார் அப்பா. அம்மா ஏதாவது திட்ட மாட்டாளா என்பதுபோல அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே கரி மையில் திரும்ப எழுத உட்கார்ந்தார். வரிக்கு இரண்டு சொல்கூடச் சேர்ந்து கிடைக்காமல், சில தாள்களோடு விட்டுவிட்டார்.

இன்று ராவுத்தர் கடை இல்லை; ஆடிக்குக் காவிரியில் தண்ணீர் வருமா என்பதும் நிச்சயமில்லை. இருப்பதையாவது படம் பிடித்து வைக்கலாம் என்று பேரன் கேட்டதால், சென்ற மாதம் அந்தப் பிரதி இருக்கும் பெட்டியைத் திறந்து மேல்தாளை எடுத்தேன். வரி வரியாகச் சல்லடை. எழுதாமல் விட்ட ஓரங்கள் மட்டும் இன்னும் கெட்டியாக இருக்கின்றன.